நீலக் கைகள்

மார்ச் 3, திங்கள்

மன்னிக்கணும், மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? ஐந்து மணிக்கு எழ வேண்டிய என்னிடமேதான். குட்டி இப்போதுதான் தூங்கினாள்.

ஒன்பது மாதம் கழித்து இன்று வேலைக்குத் திரும்பினேன். தண்ணீர் மோட்டாருக்கான கன்ட்ரோல் பெட்டி. ஆறு வயர், நான்கு திருகு, ஒரு ரப்பர் வளையம், மூடி. எதுவும் மாறவில்லை, ஒன்றைத் தவிர: எல்லோர் முகத்திலும் இப்போது ஒரு தடித்த கண்ணாடி. அதை மாட்டியதும் பெட்டிக்கு மேலே இரண்டு நீலக் கைகள் மிதக்கின்றன. அவை செய்வதை அப்படியே செய்தால் ஒரு பச்சைப் புள்ளி, பிறகு அடுத்த படி. செய்யாவிட்டால், பாத்ரூம் வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி அங்கேயே காத்துக்கொண்டு நிற்கின்றன. மொத்தம் பத்தொன்பது படிகள்.

இடது கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. எங்கேயோ பார்த்த கை.

என் கை.

போன மே மாதம், ஏழாம் மாத வயிற்றோடு, வயர் ஒட்டிய கையுறைகளை மாட்டி ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வைத்தார்கள். சும்மா ஒரு சோதனை என்றார்கள். மறந்தே போயிருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நீலக் கைகள் ஒரு பெட்டியை முடிக்க எடுப்பது 74 வினாடி. எனக்கு 91.

மாதம் முடிவதற்குள் சராசரி 76-க்கு வராதவர்கள் பாக்கிங்குக்குப் போக வேண்டும் என்று லைன் லீடர் சொன்னார். பாக்கிங் என்றால் இரவு ஷிப்ட் மட்டும்தான். என் வீட்டுக்காரர் இரவு முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். குழந்தை காப்பக அக்கா ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார். நானும் இரவில் போனால் குட்டி யாரிடம்?

“சார், அது என் கைதான்” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. பழகிட்டா நம்ம கை மாதிரியே ஆயிடும்.”

மார்ச் 6, வியாழன்

பதினான்காவது படியை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஆறாவது வயர் உள்ளே போனதும் இடது நீலக் கை பெட்டியை விட்டு விலகி, வயிற்றுக்கு வந்து, மூன்று வினாடி அங்கேயே இருக்கிறது. பிறகு திரும்புகிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால், லைனில் இருக்கும் எல்லோரும் வயிற்றைத் தொடுகிறார்கள். பக்கத்து மேசை மீசைக்காரர் பக்தியோடு தொப்பையில் கை வைத்திருக்கிறார்.

“எதுக்குண்ணே இது?”

“ஸ்டாட்டிக்மா. உடம்புல இருக்கிற கரண்ட்டை இறக்கி விடறது.”

“யார் சொன்னாங்க?”

“யாரு சொல்லணும்? தொடலைன்னா பச்சை வரமாட்டேங்குதே!”

கையுறை மாட்டிய அன்றைக்குக் குட்டி வயிற்றில் உதைத்தாள். கை வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். ஸ்டாட்டிக்காம்!

சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

86. குட்டி நூறு கிராம் குறைந்திருக்கிறாள். நான் வரும்வரை பாட்டிலைத் தொடமாட்டேன் என்கிறாளாம்.

மார்ச் 13, வியாழன்

அலமாரியைக் குடைந்து போன வருட நோட்டை எடுத்தேன். மே 20-இல் எழுதியிருக்கிறேன்: ‘நாள் முழுக்க, விட்டு விட்டு, இருபத்தேழு தடவை அளந்தார்கள். ஏழாவதுதான் ரொம்ப நன்றாக வந்ததாம், 74. அதையே வைத்துக்கொண்டார்கள். கடைசித் தடவை 103. கால் தலையணை மாதிரி வீங்கிக் கிடக்கிறது.’

ஆக, என்னுடைய ஏழாவது தடவையை லைன் முழுக்க நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. நானே அதை ஒரே ஒரு தடவைதான் செய்தேன்!

மார்ச் 17, திங்கள்

புது இன்ஜினியர் வந்தார். பதினான்காவது படி எதற்கு என்று பழைய குறிப்பில் இல்லையாம். தேவையில்லை என்றால் எடுத்துவிட்டு 71 ஆக்கிவிடலாம் என்றார். “யாருக்காவது தெரியுமா?”

“ஸ்டாட்டிக் சார்!” மீசைக்காரர் முந்திக்கொண்டார்.

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். பாதுகாப்பு விஷயம் என்றால் விசாரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. லைனில் இருக்கிற எங்கள் ஒன்பது பேருக்கும் அந்த மூன்று வினாடிதான் மூச்சு விடுகிற இடம். அதற்காகத்தான் பேசாமல் இருந்தேனா? இல்லை, பயமா?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“சொன்னா மூணு செகண்ட் போச்சு. சொல்லலைன்னா அந்த 74 அப்படியே நிக்கும், நீ போச்சு. அப்படித்தானே?”

“ஆமா. இப்ப என்னங்க பண்றது?”

“எனக்குத் தெரியலைடி. தூக்கம் வருது.”

கோபம் வந்தது. ஆனால் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே காப்பகத்துக்குக் கிளம்பினார்.

மார்ச் 20, வியாழன்

82. இதற்கு மேல் குறையாது. எனக்கே தெரிகிறது.

28-ஆம் தேதி ஒட்டப்போகும் பாக்கிங் பட்டியலில் மீசைக்காரர் பெயர் இருக்கிறதாம். அவருக்கு 79.

“அந்த நீலக் கை பொம்பளைக் கை மாதிரி சின்னதா இருக்கும்மா. என் விரல் அந்தச் சந்துல எங்க நுழையுது? சரி விடு, பகல்ல தூங்கிட்டாப் போச்சு.” சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அது என் கைதான் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லையே. என்ன ஜென்மம் நான்!

மார்ச் 21, வெள்ளி

டீ இடைவேளையில் சொல்லிவிட்டேன். கை என்னுடையது, வயிற்றில் இருந்தது குட்டி, கரண்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை.

எல்லோரும் குனிந்து தங்கள் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு மீசைக்காரர்தான், “அப்ப இத்தனை மாசமா எனக்குத்தான் மசக்கையா?” என்றார். டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

மூலை மேசை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “இப்ப இதைப் போய்ச் சொல்லி, இருக்கிற மூணு செகண்டையும் பிடுங்கிக் கொடுக்கப் போறியா?”

அவர் கேட்டதும் நியாயம்தான். பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து நீட்டினேன். மே 20-ஐ இரண்டு முறை படித்தார்.

“கடைசியில நூத்தி மூணா? பின்ன, முதல்ல இதைச் சொல்லு!”

“இதைச் சொல்லணும்னா கை என்னுதுன்னும் சொல்லணும்க்கா. கையைச் சொன்னா வயித்தையும் சொல்லித்தான் ஆகணும்.”

அக்கா நோட்டை மூடி என் மடியில் வைத்தார். “சொல்லித் தொலை. நானும் கையெழுத்துப் போடறேன்.”

மார்ச் 24, திங்கள்

இன்று காலை இன்ஜினியர் மேசையில் வைத்துவிட்டு வந்த கடிதத்தின் நகல். பின்னால் யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்பதற்காக இங்கேயும்:

ஐயா,

கண்ணாடியில் தெரியும் கைகள் என்னுடையவை. பதினான்காவது படி வேலையில் சேர்ந்தது அல்ல. அப்போது என் குழந்தை வயிற்றில் உதைத்தாள், நான் தொட்டுப் பார்த்தேன். அதை நீங்கள் எடுத்துவிடலாம்.

ஆனால் 74 வினாடி என்பது இருபத்தேழு தடவைகளில் ஒரே ஒரு தடவை வந்த நேரம். அன்று நான் எழுதிவைத்த பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒரு முழு ஷிப்ட், எட்டு மணி முதல் நான்கு மணி வரை, எங்கள் ஒன்பது பேரையும் அளந்து பாருங்கள். தண்ணீர் குடிப்பது, தோள் வலித்து நிற்பது, நான் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்துவைக்க எழுந்து போவது எல்லாம் அதில் இருக்கட்டும். அதில் வரும் சராசரியை அளவாக வையுங்கள். அதற்குப் பிறகும் நான் பின்தங்கினால் பாக்கிங்குக்குப் போகிறேன்.

ஒன்பது பேரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம். பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டப்படும் என்கிறார்கள். தயவுசெய்து அதற்கு முன்பே பதில் தாருங்கள்.