கெய்ரோ போகும் கதீஜாவுக்கு

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். எங்கள் தீவில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம், ரோஸ் பெல் குளிர் இந்த வருஷம் அதிகம். கீழ்க்காட்டில் கரும்பு வெட்டு பாதி முடிந்தது. வண்டிக்காரன் மாணிக்கத்தின் மாட்டு வண்டியில் ஆலைக்குப் போகிறது. போர்வை காயவில்லை.

மதியம் துணிக்கடைக் கதீஜா வந்தாள். கணவனோடு ஹஜ் போகிறாளாம். முடிந்ததும் சூயஸ் வரை கப்பலில் போய், கெய்ரோவில் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள். இந்த ஊரில் அந்தப் பட்டணத்தைப் பார்த்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறாள். பேச்சு பாதி தமிழ், பாதி இந்தத் தீவுக் கிரியோல்.

சொன்னவை:

மூடின செருப்பு வேண்டும். தெருவெல்லாம் கழுதைச் சாணி.
கடைக்காரர் டீ கொடுத்தால் குடிக்கலாம். குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை.
கேட்ட விலையில் பாதிக்கும் கீழே சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். எழுந்து நடந்தால் கூப்பிடுவார்கள்.
வழி காட்டுகிறேன் என்று தானாக வருகிறவன் தன் மச்சான் கடைக்குத்தான் கொண்டுபோவான்.
காய்ச்சின தண்ணீர் மட்டும்.
கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஈ உட்கார விடக் கூடாது.

கடைசியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன். வீட்டுக்காரர் உள்ளே அடுப்புப் பக்கம். காதில் விழுந்திருக்கும்.

கப்பலில் சமையல்காரராகப் போனவர். கண்ணில் நோய் கண்டு, எகிப்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. பார்வை முழுக்கப் போனபின் மூன்று வருஷம் கெய்ரோவில். போன வருஷம் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தேன். வந்ததிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. வெளியாள் வந்தால் பேச்சும் இல்லை.

ஆகஸ்ட் 5, புதன்

மழை விட்டது. கோழி ஒன்று காணவில்லை, கீரியாக இருக்கும்.

கதீஜா மறுபடியும். சந்துகளில் வழி தப்பினால் என்ன செய்வது என்று கேட்டாள். பெரிய பள்ளிவாசல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நட என்றேன். உள்ளேயிருந்து இவர் குரல்.

"கோபுரத்தைப் பாத்து நடந்தா தொலைஞ்சிடுவா. அங்க எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு கோபுரம் நிக்கும்."

சுவரைத் தடவிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். கதீஜாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். செம்பு தட்டுகிறவர்கள் தெருவை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் முதுகுப் பக்கம் போனால் மசாலாக் கடைகள், சீரக வாசனை. தோல் நாற்றம் வந்துவிட்டால் தாண்டிப் போய்விட்டாய், திரும்பு. வெள்ளிக்கிழமை மதியம் கடைத்தெருவுக்குப் போகாதே. வலது கையால் கொடு, வலது கையால் வாங்கு.

டீக்கடைக்காரர் ஒருவர் இவரை 'ஹிந்தி' என்றுதான் கூப்பிடுவாராம், அவர்கள் பேச்சில் இந்தியாக்காரன். இவர் உட்காரும் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

என்னிடம் ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார். அதுவும் நான் கேட்டதால்.

ஆகஸ்ட் 6, வியாழன்

வெயில். போர்வை காய்ந்தது.

நேற்றிலிருந்து மனம் சரியில்லை. மத்தியானம் சோறு போடும்போது கேட்டுவிட்டேன், அங்கேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்று. தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க நான் தனியா நடந்தேன், தனம்."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். அந்த ஊரில் கழுதைக்காரன், வண்டிக்காரன், தலையில் ரொட்டித் தட்டு சுமப்பவன், எல்லோரும் கத்திக்கொண்டேதான் வருவார்களாம். 'ஷிமாலக்' என்றால் உன் இடப்பக்கம். 'யமீனக்' என்றால் உன் வலப்பக்கம். கண் உள்ளவனுக்கும் அதே கத்தல்தான். இவர் குரல் கேட்டு ஒதுங்குவார். ஒரு நாளும் யார் மேலும் மோதவில்லை.

"இங்க வண்டிக்காரன் மாட்டோட மட்டுந்தான் பேசுறான்."

நானும் அந்தக் கத்தலைக் கேட்டேன். இரைச்சல் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். கூட்டி வந்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அழுகை வந்தது. பாத்திரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 8, சனி

ஆலையில் கரும்பு எடை போடுமிடத்தில் மாணிக்கத்தைப் பார்த்தேன். வண்டிகள் வரிசையில் நின்றதால் பேச நேரம் இருந்தது. இவரை வழியில் கண்டால் குரல் கொடு என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொன்னால் போதுமா என்று கேட்டான். போதும் என்றேன். மற்ற வண்டிக்காரர்களிடமும் சொல்வதாகச் சொன்னான். ஒருவன் மட்டும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கோபமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கதீஜா சொல்லிக்கொள்ள வந்தாள். நாளைக் காலை ரயிலில் போர்ட் லூயிஸ், அங்கிருந்து கப்பல். எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தேன். தோளில் போட நல்ல கம்பளி இல்லையென்றாள், என்னுடையதைக் கொடுத்தேன். இவர் டீக்கடைக்கு அடையாளம் சொன்னார், குதிரை லாடம் அடிப்பவனுக்கு எதிரே.

"ஹிந்தி ஊர் போய்ச் சேந்துட்டான், சாப்பிடறான், தூங்கறான்னு சொல்லும்மா."

"நடக்கறீங்களான்னு கேட்டா?" என்றாள் கதீஜா.



ஆகஸ்ட் 11, செவ்வாய்

மேகம் இல்லை. எழுந்ததும் கம்பு வேண்டும் என்றார். கொய்யாக் கிளை ஒன்றை வெட்டிச் சீவிக் கொடுத்தேன். கடை வரைக்கும் போய் வருகிறேன், கூட வராதே என்றார். சரி என்றேன். தள்ளித் தள்ளிப் பின்னால் போனேன்.

திருப்பத்தில் மாணிக்கம் வண்டி.

"கோஸ், மாமா, கோஸ்."

கிரியோலில் கோஸ் என்றால் இடப்பக்கம். இடப்பக்கம் புல்லில் ஏறி நின்றார். வண்டி போனது. போன பிறகும் அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. நான் கரும்புக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்தார், முன்னைவிட வேகமாக. பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய தோட்டத்து வண்டி பின்னால் வந்தது. அதன் வண்டிக்காரன் வாயைத் திறக்கவில்லை. கரும்பு நுனி தோளில் உரச, இவர் வாய்க்காலில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். விழுந்ததைவிட நான் பின்னால் வந்ததுதான் அவருக்குக் கோபம். வழி நெடுகத் திட்டு.

முழங்காலில் நல்ல சிராய்ப்பு. மஞ்சள் பற்று. போதும், இனி போக வேண்டாம் என்றேன்.

"அந்த வண்டிக்காரன் யாரு?"

தெரியாது, நம் ஆள் இல்லை என்றேன்.

"நாளைக்கும் அந்த வழியாத்தான வருவான். பாலத்துக்கிட்ட நிப்பேன். நானே சொல்லிக்கறேன்."

ஆகஸ்ட் 12, புதன்

தூறல். பால் திரிந்துவிட்டது.

விடிந்ததும் போனார். நொண்டிக்கொண்டே. நான் போகவில்லை. அரிசி களைந்து உலை வைத்திருக்கிறேன்.