73939133-க்கு ஒரு கையெழுத்து

நவம்பர் 3, திங்கள்
காலை ஆறரை மணிக்கும் பனி. கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம்.

கம்பெனியில் இது தர மாதம். பாகங்களைச் சோதிக்கும் எங்கள் ஆய்வுப் பிரிவில் ஆளுக்கொரு போஸ்டர். நான் ஒட்டியது ஓர் எண்: 73939133. கீழே, 'இது பகா எண். சோதித்தவர்:' என் கையெழுத்து. பி.எஸ்சி. கணிதம் படித்த நாளிலிருந்து மனதில் இருக்கும் எண். கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913, அதுவும் பகா எண். 739391. 73939. 7393. 739. 73. 7. எங்கே வெட்டினாலும் உடையாது. இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாதாம்.

பக்கத்து மேஜை நாகம்மாவிடம் சொன்னேன். பேரிகை ஊர்க்காரி, பேச்சில் தெலுங்கு கலக்கும்.
"பல்லிக்கே ஒரு வாலுதான்க்கா. இதுக்கு ஏழா!"

சனிக்கிழமை, நுண்ணளவு எடுக்கும் அளவு அறைக்கு ஆள் தேர்வு. ஏழு வருடமாகக் கேட்கிறேன். மேனேஜர் போஸ்டரைப் பார்க்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்
பார்த்தார்.
"நீங்களே செக் பண்ணீங்களா மேடம்?"
"பண்ணேன் சார்."
"எதெதால வகுத்தீங்க?"

3, 7, 11, 13, 17. ஐந்தே ஐந்து. பெட்டியிலிருந்து ஐந்து புஷ் வளையங்களை எடுத்து அளந்து, முழுப் பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. எண்ணையும் பெட்டி மாதிரி பாஸ் பண்ணிவிட்டது.

"சாம்பிள்தான் சார்."
அடுத்த போஸ்டருக்குப் போனார். வெட்கம். போஸ்டரை நானே கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

வர்க்கமூலம் 8598-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் வரும்.

நவம்பர் 6, வியாழன்
தூறல். சாப்பாட்டு இடைவேளை. நாகம்மா போனில் பட்டியல் வாசிக்க, நான் கால்குலேட்டரில்.
"நூத்தி அறுபத்தேழு."
மீதி.
"நூத்தி எழுபத்து மூணு."
மீதி.
"ஏமக்கா இது, எவனும் உள்ள போக மாட்டேங்கறான்! போன்லயே கேட்டா ஒரு நொடில சொல்லிடுமில்ல?"
"சொல்லும். சைன் என்னோடதாச்சே."
தண்ணீர் பிடிக்க வந்த பஸ் டிரைவர்: "என்னம்மா, லாட்டரி நம்பரா?"
"ஆமாண்ணா, விழுந்தா உங்களுக்குப் பாதி," என்றாள் நாகம்மா.

நவம்பர் 8, சனி
அளவு அறை வேறொருவருக்கு.

நாகம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது: "அப்ப இதையும் விட்றலாமாக்கா?"
அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

இரவுச் சமையல் உப்புமா. அடுப்பை அணைத்ததும் நோட்டைத் திறந்துவிட்டேன். 2203 வரை வந்திருக்கிறோம். இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் விட மனமில்லை. அதன் இலக்கங்களைப் பார்க்கிறேன்: 7, 3, 9, 1. வேறெதுவும் இல்லை. நான்கே பொருளில் எட்டு மாடி. என்ன கட்டுமானம்!

நவம்பர் 12, புதன்
5003. கட்டைவிரல் வலி. நாகம்மா தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

நவம்பர் 16, ஞாயிறு
நல்ல வெயில். துணி ஊறிக்கொண்டிருக்கிறது.
8573, மீதி.
8581, மீதி.
8597, மீதி 4933. இதற்கு மேல் வேண்டாம். முடிந்தது.

நாகம்மாவுக்குப் போன்.
"ஒண்ணுகூட உள்ள போகலியா?"
"ஒண்ணுகூட."
"கெட்டி நம்பர்க்கா."

போஸ்டரில் பழைய 'சோதித்தவர்' வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். 'சோதித்தவர்கள்' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.