அருவிப் பூங்காவில் மூன்று மணி நேரம்

பெரிய மனிதருக்கு,

அத்தையை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று அதிகாரமாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் புதுக் குடித்தனத்துக்கும் இந்த வீட்டுக்கும் நடுவழியில் இருக்கும் அருவிப் பூங்காவுக்கு அழைத்து வா, பத்து மணிக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னது நீங்கள்தான். புல் பூண்டு இல்லாத பொட்டலில் நாலு மணி நேரம் கார் ஓட்டினேன். அத்தை பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அவன் காத்துக்கிட்டிருப்பான், சீக்கிரம் போ" என்று வழியெல்லாம் விரட்டினார்.

அருவி, சரியாக மூடாத குழாய்போல ஒழுகிக்கொண்டிருந்தது. உங்கள் பேச்சை நம்பிப் போனால் வேறென்ன கிடைக்கும்?

ஒரு மணிக்குத்தான் போன் செய்தீர்கள். "வீட்டுக்கு விருந்தாளிங்க வந்துட்டாங்க. அம்மாவ பஸ் ஏத்தி விட்டுடு. ஆயா நின்னுட்டா, குழந்தையப் பாத்துக்க ஆளில்ல."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்று உங்களிடம் சொல்லவில்லை.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஒழுகலுக்கு அடியில் புடவையோடு போய் உட்கார்ந்தார். காவலாளி பதறிப்போய், "அம்மா, வழுக்கும்" என்று ஓடிவந்தார்.

"வழுக்கட்டும்பா. இவ்ளோ தூரம் வந்துட்டு நனையாமப் போவேனா?"

திரும்பும்போது முன்சீட்டில் ஏறினார். பாதி வழியில், "என்னை நீ வச்சுக்குவியாம்மா?" என்று கேட்டார். அவரை அப்படிக் கேட்க வைத்தீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் பழகிவிட்டது.

அவரைக் கூட்டிப்போக வராதீர்கள். வேறு ஆயா பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்