ஏழடிக் கயிறு

ஜூன் 14, 2025 – சனி

செங்கம் போய் வந்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குது டீச்சர். மாத்திரை வேணாம்னா தெனமும் வேர்க்கணும்" என்றார். நடக்கப் போனால் ஊரே "எங்க டீச்சர்?" என்று கேட்கும். ஸ்கிப்பிங் என்றால் பின்வாசலோடு முடிந்துவிடும் என்று யோசித்து, விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். எத்தனை வகை! பிளாஸ்டிக், பருத்தி, உள்ளே கம்பி ஓடுவது, கைப்பிடியிலேயே எண்ணிக்கை காட்டுவது. கடைக்காரர் சந்திரன் "யாருக்கு மேடம்?" என்றதும் வாய் தன்னால் "ஸ்கூலுக்குத்தான்" என்றது. எண்பத்தொரு கிலோவை வைத்துக்கொண்டு எனக்கு என்று எப்படிச் சொல்வது? நீலப் பிளாஸ்டிக்கில் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 16

காலையில் நாலு முறை முயன்றேன். நாலு முறையும் காலில் மாட்டியது.

ஜூன் 18

இன்றும் மூன்றைத் தாண்டவில்லை. கெண்டைக்காலில் சிவப்பாகக் கோடு. வீட்டுக்காரம்மா குப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், வூட்டு ஓடு வுழுந்துடப் போவுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா மதலேனாள்? நான் கணக்கு டீச்சர்தான். ஆனால் பி.டி. வாத்தியார் இல்லாத பள்ளி. ஆறு வருஷமாக விளையாட்டுப் பீரியடும் என் தலையில். விசில் ஊதி ஊதிப் பிள்ளைகளைக் குதிக்க வைத்தவளுக்கு ஐந்து குதிக்க வக்கில்லை.

ஜூன் 21 – சனி

கயிறு சரியில்லை என்று சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். "யார் குதிச்சாங்க?" என்று கேட்டார் சந்திரன். மென்று விழுங்கி "நான்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இதைக் குடுத்திருக்கவே மாட்டேங்க. இது சின்னப் பசங்களுது, ஏழடி. நடுவுல மிதிச்சி நில்லுங்க. ரெண்டு புடியும் அக்குளுக்கு வரணும்."

மிதித்து நின்றேன். இடுப்போடு நின்றுவிட்டது.

"ஒங்க ஒயரத்துக்கு ஒம்போது அடி வேணும். குட்டைக் கவுத்துல யார் குதிச்சாலும் தடுக்கும். அவங்க மேல தப்பில்லங்க."

ஒன்பதடிக் கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ் மலை ஏறும்வரை அந்தக் கடைசி வார்த்தைதான் காதில். பள்ளியில் இருக்கும் கயிறெல்லாம் ஏழடி. ஒரே சுருளிலிருந்து நான்தான் வெட்டினேன் – இம்மி பிசகாமல், எல்லாம் ஒரே அளவு.

கல்பனா.

ஜூன் 22

ஞாயிறு பூசையில் மனம் நிற்கவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

போன வருஷம் விளையாட்டு விழா. எட்டாம் வகுப்பு கல்பனா, அப்போதே என் உயரம், ஸ்கிப்பிங்குக்கு ஆசையாகப் பேர் கொடுத்தாள். ஒத்திகையில் தடுக்கித் தடுக்கி நின்றாள். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது: "கொக்கு மாதிரி வளந்துகினே போற, காலு எங்க கீதுன்னு தெரியல. போய் ஒக்காரு." பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பேரை அடித்தேன். அன்றிலிருந்து அவள் கொக்கு. விளையாட்டுப் பீரியட் வந்தால் வயிற்று வலி என்று புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள். நானும் விட்டுவிட்டேன்.

அய்யோ, கணக்கு சொல்லிக் குடுக்கிறவளாடி நீ? ஒரு தடவ அளந்து பாத்தியா?

ஜூன் 23

கல்பனாவிடம் சொல்லவில்லை. அவள் இருக்கும் ஒன்பதாம் வகுப்பில் முழு நேரமும் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன்.

ஜூன் 25

என் ஒன்பதடிக் கயிற்றை எடுத்துப் போய், கல்பனாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "மிதிச்சு நில்லும்மா." நின்றாள். அக்குளுக்குச் சரியாக வந்தது. "அன்னிக்குத் தப்பு உன்னுது இல்ல. கவுறு குட்டை" என்றேன், பெரிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கே சொன்னேனே டீச்சர், கவுறு பத்தலன்னு. எல்லாரும் அதுலதானே குதிக்கிறாங்க, உனுக்கு மட்டும் இன்னான்னு கேட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அவள் சொல்லியிருக்கிறாள், நான் பதிலும் பேசியிருக்கிறேன், மறந்தும்விட்டேன். மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவமானப்படுத்தினது எல்லார் முன்னாலும். மன்னிப்பு மட்டும் தனியாகவா?

ஜூன் 27 – வெள்ளி

விளையாட்டுப் பீரியடில் எல்லாரையும் நிற்க வைத்து நடந்ததைச் சொன்னேன். கல்பனா கயிறு பத்தவில்லை என்று சொன்னதையும், நான் கேட்காததையும். பள்ளியின் ஏழடிக் கயிற்றில் நானே குதித்துக் காட்டினேன். ரெண்டாவதிலேயே மாட்டிக் குப்புற விழாத குறை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கொக்கு அவ இல்ல, நான்தான்" என்றேன்.

கல்பனா சிரிக்கவில்லை. புளிய மரத்தடியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

ஜூலை 9

பள்ளிக்குப் புதுச் சுருள் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாக மிதிக்க வைத்து, அக்குள்வரை அளந்து வெட்டுகிறோம். இன்று கல்பனாவும் வந்து நின்றாள், வரிசையில் கடைசியாக. அளந்து வெட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 18

நான் முப்பத்தொன்று. கல்பனா நூற்றுப் பன்னிரண்டு.

பீரியட் முடிந்து வகுப்புக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ ஒருத்தி "கொக்கு" என்றாள். கல்பனா திரும்பவில்லை. நான்தான் திரும்பினேன்.