மூத்த மருத்துவருக்குக் காட்டப்பட்டது

இன்று காலை ஸ்கான் வகுப்புக்காகப் பயிற்சி அறைக்குள் போனபோது மேசையில் ஒரு தேநீர்க் குவளை இருந்தது. குவளைக்குள் சுடுதண்ணீர், அதற்குள் தலைகீழாக ஸ்கான் ஜெல் போத்தல். நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

யார் வைத்தது என்று கேட்டேன். இந்த வருடம் எங்கள் பிரிவுக்கு வந்த இளம் பெண் டொக்டர் கையை உயர்த்தினாள். ஜெல் குளிர்ந்திருந்தால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், படம் வராது என்று ஒரு நேர்ஸ் சொன்னாராம். அந்த நேர்ஸுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. என் குரல் விசாரணைக் குரலாக இருந்திருக்க வேண்டும். பிள்ளை பயந்துபோய்க் குவளையை எடுக்கப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன்.

அது உம்முடைய வழக்கம். நீர் போய் இரண்டு வருடமாகிவிட்டது, குவளை மட்டும் இங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. நோயாளிகள்மேல் உமக்கு இருந்த இரக்கத்தைப் பற்றி உம்முடைய அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள், இந்தக் குவளையையும் சொன்னார்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஜெல்லின் குளிர் உம்முடைய சொந்த வயிற்றுக்குத் தெரிந்திருந்தது என்று.

சந்தேகம் என் பிறவிக் குணம் என்பது உமக்குத் தெரியாததல்ல. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடத்தில் ஒரே மேசையில் நின்று உடற்கூறு படித்த காலத்திலேயே, "உமக்கு உம்மட நாடியிலயும் நம்பிக்கையில்லை, ரெண்டு கையிலயும் பிடிச்சுப் பாக்கிறீர்" என்று சிரித்தவர் நீர்தான். நான் கலியாணம் முடித்து முதலிலேயே லண்டன் வந்து, பரீட்சைகள் எழுதி, அவசர சிகிச்சைப் பிரிவில் கொன்சல்டன்ட் என்ற மூத்த மருத்துவர் ஆனேன். நீர் யுத்தம் முடியும்வரை அங்கேயே நின்று வேலை செய்துவிட்டு, தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தீர். கடைசியில் என்னுடைய பிரிவிலேயே எனக்குக் கீழே வேலை. மற்றவர்களுக்கு அது சங்கடமாக இருந்தது. உமக்கு அது ஒரு விளையாட்டு. வார்டில் எல்லோர் முன்னாலும் என்னை மரியாதையாக "மடம்" என்பீர், லிப்ட் கதவு மூடினால் "என்ன மடம், கறி உறைப்போ இண்டைக்கு?" என்பீர்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானர் எங்கள் பிரிவுக்கு வந்தபோது அதையும் நான் நம்பவில்லை. படம் பிடிப்பது கதிரியல் பிரிவின் வேலை. நாங்கள் கட்டிலருகில் நின்று சாம்பல் நிறத் திரையைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப்போகிறோம் என்று கூட்டத்தில் சண்டை பிடித்தேன். ஆனாலும் இந்த நாட்டில் டொக்டர்மார் ஒவ்வொரு வருடமும் புதிதாக எதையாவது படித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இரண்டு பேருமாகத்தான் அந்த முதல் சனிக்கிழமை வகுப்புக்குப் போனோம்.

பயிற்சிக்குப் படுப்பதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். கொன்சல்டன்ட்மார் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நீர் சேட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டீர். வகுப்பு எடுத்தவர் ஒரு விதி சொன்னார்: படுத்திருப்பவர் நண்பராக இருந்தாலும் சரி, அவருக்குள் எதையாவது கண்டால் அவரிடம் சொல்ல வேண்டும், பிறகு பொறுப்பான ஒருவரிடம் காட்ட வேண்டும். நான் உம்முடைய வயிற்றில் ஸ்கானரின் புரோப் கருவியை வைத்துப் பெருநாடியைத் தேடினேன். குடலில் இருந்த காற்று எல்லாவற்றையும் மறைத்தது. "காத்து மட்டும்தான் கிடக்கு" என்றேன். "அதைச் சொல்ல மிசின் வேணுமே, என்ர மனுசியைக் கேட்டாலே சொல்லுவா" என்றீர். தமிழ் விளங்காதவர்களும் உம்முடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு அந்த மிசினோடு உமக்கு வந்த நெருக்கம் எனக்கு வரவேயில்லை. காற்றைத் தாண்டிப் பார்க்கிற வித்தையை நீர்தான் எனக்குச் சொன்னீர். "அவசரப்படாதேயும். மெல்ல மெல்ல அமத்திக்கொண்டு நில்லும், காத்து தானா விலகும்."

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். வெஸ்ட் ஈலிங் கோயில் தேருக்குப் போயிருந்தோம், உம்முடைய மனைவியும் என்னுடையவரும் கூட. அன்னதான வரிசையில் ஒரு பெரியவர் உம்மைப் பிடித்துக்கொண்டார். எங்கள் சனம் டொக்டரைக் கண்டால் விடுமா? "தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு மூத்திரம் போறது கஷ்டமாக் கிடக்காம்" என்று தொடங்கினார். நீர் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "அந்த ஆளை நாளைக்கே டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்கோ ஐயா. போகேக்கை நீங்களும் கூடப் போங்கோ" என்றீர். பெரியவர் தலையாட்டிக்கொண்டு போனார். நாங்கள் சோற்றுத் தட்டோடு நின்று குலுங்கிச் சிரித்தோம். "அந்த 'ஒரு ஆள்' எப்பவும் எங்களுக்கு முன்னாலதான் நிப்பார்" என்று நீர் சொன்னீர். எத்தனை கலியாண வீட்டில், எத்தனை செத்தவீட்டில் அந்த ஒரு ஆளை நாங்கள் சந்தித்திருப்போம்.

ஸ்கான் பயிற்சியை நீரே நடத்த ஆசைப்பட்டீர். அதற்கு ஒரு சான்று தேவை. சான்றுக்கு லொக்புக் என்ற பதிவுக் கொப்பி நிறைய ஸ்கான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த மருத்துவரின் கையொப்பம். படத்தோடு நோயாளியின் பெயர் போடக் கூடாது. வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும். உம்முடைய லொக்புக் கையொப்பத்துக்கு என்னிடம் வந்தது ஒரு ஜூன் மாதத்தில்.

பெருநாடிப் படங்களில் நாலு என் கண்ணில் குத்தின. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே. நாலு மாதம், நாலு படம், ஆனால் நாடியின் முன் சுவரில் ஒரே இடத்தில் ஒரே வெள்ளைப் பொட்டு. அது சுவரில் படியும் சுண்ணாம்பு. இரண்டு பேருக்கு அது ஒரே அச்சில் படியாது. ஒரு ஆளின் படத்தை வெவ்வேறு ஆட்களின் படமாகக் காட்டுகிறீர் என்று முடிவு கட்டினேன். முப்பது மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டிய நாடிக்கு நீர் எழுதியிருந்த அகல அளவுகள் நாற்பத்துநாலு, நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று. பிடிபடாமலிருக்க எண்ணைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். முதல் இரண்டில் வயது அறுபத்தொன்று, பிந்திய இரண்டில் அறுபத்திரண்டு. கள்ளம் செய்யத் தெரியாதவர், வயதைக்கூட ஒரே மாதிரி எழுதவில்லை என்று மனதுக்குள் ஏளனம் செய்தேன்.

படிவத்தில் கடைசியாக இரண்டு கட்டங்கள். 'நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டதா?' நாலிலும் ஆம் என்று சரி போட்டிருந்தீர். 'மேல்நடவடிக்கை?' நாலிலும் ஒரே வசனம்: மூத்த மருத்துவருக்குக் காட்டப்பட்டது. அந்தப் பிரிவில் மூத்த மருத்துவர் நான். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை. அதில்தான் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

உம்மை வேலையிடத்தில் வைத்துக் கேட்க மனம் வரவில்லை. டூட்டிங்கில் நாங்கள் வழமையாகப் போகும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தன. நீர் ரோல்ஸைத் தொடவில்லை. அதையும் நான் குற்றவாளியின் பயம் என்று குறித்துக்கொண்டேன்.

"இந்த நாலும் ஒரு ஆள்தானே?" என்றேன்.

"ஓம். ஒரு ஆள்தான்."

"ஒரு ஆளை எப்பிடி நாலு தரம் பிடிச்சனீர்?"

"அவர் அடிக்கடி வாறவர். ஆனா தன்ர டொக்டரிட்டைப் போகப் பயப்பிடுறார். மகளின்ர கலியாணம் முடியட்டும் எண்டு நிக்கிறார்."

"கதை விடாதேயும். எனக்குக் காட்டினது எண்டு எழுதியிருக்கிறீர். எப்ப காட்டினனீர்?"

நீர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தீர். "இப்ப காட்டுறன்தானே" என்றீர்.

நான் கொப்பியை மூடினேன். "இதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. நீர் இப்பிடிச் செய்வீர் எண்டு நான் நினைக்கேல்லை."

நீர் கோபிப்பீர் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. "கையெழுத்து வேண்டாம். படத்தை இன்னொருக்கா வடிவாப் பாரும்" என்றீர்.

"படத்தைத்தான் பாத்தனான்" என்றேன்.

ஒரு கிழமைக்குள் அந்த நாலுக்குப் பதிலாக வேறு நாலு நோயாளிகளின் ஸ்கானைக் கொண்டுவந்தீர். ஒவ்வொன்றையும் மருத்துவமனைப் பதிவோடு ஒப்பிட்டு, கள்ளப் பத்திரம் சோதிக்கிற ஆள் மாதிரிச் சோதித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். பழைய நாலு தாளும் என் மேசை லாச்சியில் கிடந்தன. அதன்பிறகு லிப்டில் நீர் கறியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. ஒக்டோபரில் ஒரு நாள் காலையில் உம்முடைய வீட்டில் முதுகு நோகுதென்று மனைவியிடம் ஒத்தணம் கேட்டிருக்கிறீர். அவர் சுடுதண்ணீர்ப் பையோடு திரும்பி வரும்போது நீர் படிக்கட்டில் விழுந்து கிடந்தீராம்.

பிரேத பரிசோதனை முடிவை உம்முடைய மனைவி போனில் வாசித்துக் காட்டினா. ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டி வாசித்து, "இது என்ன டொக்டர், இது முதலே தெரியவந்திருக்குமோ?" என்று கேட்டா. வயிற்றுப் பெருநாடி வீங்கி வெடித்தது. போனை வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தேன். உம்முடைய பிறந்தநாள் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். நவம்பரில் அறுபத்தொன்றாக இருந்தவர் பெப்ரவரியில் அறுபத்திரண்டு ஆவார்.

படத்தில் பெயர் இல்லை. அது உம்முடைய நாடிதான் என்று எந்த விசாரணையிலும் என்னால் நிறுவ முடியாது. இருந்தாலும் எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். இப்போது என் சந்தேகமெல்லாம் வேறு. நீர் என்னிடம் கேட்டது கையொப்பமா? ஒரே பொட்டு நாலு படத்திலும் இருந்தால் நான் பிடித்துவிடுவேன் என்று என் குணத்தை நம்பித்தானே அவற்றைக் கொப்பிக்குள் வைத்தீர்? வாயால் சொல்ல முடியாததை, "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு" என்று எங்கள் சனம் சொல்கிற மாதிரி, படிவத்தில் எழுதிக் காட்டினீரா? எதிர்த் தட்டில் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, அந்த ஒரு ஆள் எனக்கு முன்னாலேயே இருந்தார். நான் அவரைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உம்மிலும் எனக்குக் கோபம் உண்டு. மறைக்க மாட்டேன். எத்தனை பேரை மிரட்டி ஒப்பரேசனுக்கு அனுப்பியவர் நீர், ஒரு வாய் திறந்து சொல்ல ஏலாமல் போனதா? மகளின் கலியாணத்துக்கு நான் போனேன். தாரை வார்க்க உம்முடைய தம்பி நின்றார். உம்மைத் திட்டிக்கொண்டுதான் அட்சதை போட்டேன்.

இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். அம்புலன்ஸில் வேலை செய்கிறவர், மன்னார்க்காரர், ஐம்பது தாண்டியிருக்கும். கையில் சான்ட்விச் பிரிக்காமலே இருந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருவருக்குச் சாப்பிட்டாப் பிறகு வலப்பக்கம் நோகுதாம். ரெண்டு மூண்டு மாசமா."

முன்பென்றால் ஒரு பகிடி விட்டிருப்பேன். இன்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரையை இழுத்து மூடினேன். "அந்த ஆள் சேட்டைக் கழட்டிப்போட்டுப் படுக்கட்டும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு சான்ட்விச்சை வைத்துவிட்டுப் பொத்தானைக் கழற்றினார். குவளையிலிருந்து போத்தலை எடுத்தேன். முதலில் காற்றுத்தான் தெரிந்தது. நீர் சொன்ன மாதிரி அவசரப்படாமல் அமத்திக்கொண்டு நின்றேன். பித்தப்பையில் மூன்று கல். கீழே இறங்கிப் பெருநாடியையும் அளந்தேன், அவர் கேட்கவில்லை. அது நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திங்கட்கிழமை தன் டொக்டரிடம் போய், எந்த நேரத்துக்குப் போனார் என்று எனக்கு மெசேஜ் போட வேண்டும், போடாவிட்டால் வீட்டுக்கு வருவேன் என்றும் சொன்னேன். ஓம் அக்கா என்றார். அந்த ஓமை நான் நம்பவில்லை; அவருடைய மனைவியின் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு படிவத்தை நிரப்பினேன். நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதற்குச் சரி போட்டேன். மேல்நடவடிக்கைக் கட்டத்தில் என் கை தானாகவே உம்முடைய வசனத்தை எழுதியது: மூத்த மருத்துவருக்குக் காட்டப்பட்டது. எழுதிவிட்டு என் முழுப் பெயரையும் போட்டு, அதன் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதினேன்.