நாற்பத்தேழாம் பதிவின் தலை

4.8.2025, திங்கள்

ஆரல்வாய்மொழியில் காற்று நேற்றைவிடக் கூடுதல். காலை 6.10க்கே காற்றாலைகள் அனைத்தும் சுழல்கின்றன. மூன்றாம் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி இன்றுடன் பதினோரு நாள் ஆகிறது. ஆயினும் உள்ளே புழுதி. பதினான்கு விண்கலங்களையும் ஆறு இயந்திர மனிதர்களையும் வெளியே எடுத்து, ஓவியத் தூரிகையால் துடைத்து, மீண்டும் அடுக்கினேன்.

சேகரிப்புப் பட்டியலின் திருத்தம் 11.50க்கு நிறைவுற்றது. மொத்தம் 212 பதிவுகள். அனைத்தும் ஜப்பானில் செய்யப்பட்டவை. நான் கப்பலில் வானொலி அலுவலராக இருந்த காலத்தில் கோபேயிலும் யோகோஹாமாவிலும் வாங்கியவை பாதி, பின்னர் அஞ்சலில் வரவழைத்தவை பாதி. 211 பதிவுகளில் குறை இல்லை. 47ஆம் பதிவில் மட்டும் பென்சிலால் ‘தலை இல்லை’ என்று இருக்கிறது.

47 என்பது ஐந்து ஊர்திகள் ஒன்றாக இணையும் இயந்திர மனிதன். கால்களுக்கு இரண்டு கவச வண்டிகள், உடலுக்குத் துளையிடும் வண்டி, கைகளுக்குப் போர் விமானம், தலைக்கு ஒரு விண்கலம். 17.11.1982 அன்று கோபேயில் ஒரு கடையில் ஒரே ஒரு பெட்டிதான் எஞ்சியிருந்தது. அதன்மேல் நானும் எங்கள் கப்பலின் சாரங்கு ஏசுஅடிமையும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். சாரங்கு என்றால் கப்பல் தளத்து ஆட்களுக்குத் தலைவன்; கடியப்பட்டணத்துக்காரர். இருவரும் சேர்ந்து வாங்கினோம். நான்கு வண்டிகள் என்னிடம், தலை அவரிடம். ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும், ஓராண்டு அவர் வீட்டில், மறு ஆண்டு என் வீட்டில், ஒன்றாக இணைத்து வைப்பது என்பது ஏற்பாடு.

1991இல் அவர் 27ஆம் தேதி வந்தார். தாமதத்திற்கு விளக்கம் கோரி நான் 26ஆம் தேதியே கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதை வாசலில் நின்று படித்தார். தலையுடன் திரும்பிப் போய்விட்டார். இன்றுடன் 33 ஆண்டு, 7 மாதம், 8 நாள்.

எனக்கு வயது 73. குறையுள்ள பதிவை வைத்துவிட்டுப் போவது முறையன்று.

6.8.2025, புதன்

ஏசுஅடிமைக்கு எழுதினேன். தொலைபேசி எண் என்னிடம் இல்லை, அஞ்சலட்டை போதும். முதல் வரைவு 41 சொற்கள். கப்பலிலிருந்து அனுப்பும் கடல்தந்திக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு. பெறுபவர் அறிந்த சொல்லை எழுதுவது வீண் என்பது இருபத்து மூன்று ஆண்டுத் தொழிற்பழக்கம். ‘இயந்திர மனிதன்’, ‘ஜப்பான்’, ‘பதிவு 47’ ஆகியவற்றை அடித்தேன். எந்தத் தலை என்பது அவருக்குத் தெரியும். இறுதி வடிவம்:

“ஐயா, தங்கள் வசமுள்ள தலையை 31.8.2025க்குள் ஒப்படைக்கவும். தவறினால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளப்படும். உடல் என்னிடம் பத்திரமாக உள்ளது. செல்வதாஸ்.”

கீழே முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள என் ரப்பர் முத்திரையை இட்டேன். காலை 10.20க்குப் பெட்டியில் சேர்த்தேன்.

என் மனைவி ஞானபாய் அடுக்களையிலிருந்து, “ஒரு பொம்மத் தலைக்கி இந்த வயசுல கடுதாசியா?” என்றாள். பொம்மை அன்று என்று நாற்பத்தொரு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

7.8.2025, வியாழன்

காற்று. புழுதி. வேறு இல்லை.

12.8.2025, செவ்வாய்

மாலை 4.35க்குத் தொலைபேசி. பெயர் சொல்லாமலேயே தொடங்கினான்.

“எவம்லே நீ? எங்க அப்பாக்க தல ஒனக்கு வேணுமாலே?”

ஏசுஅடிமையின் மகன் ஆன்ட்ரூஸ் என்று ஊகித்தேன். தலையில் எனக்குப் பாதி உரிமை உண்டு என்பதை அமைதியாக எடுத்துரைத்தேன்.

“பாதியா? பாதித் தல வேணுமா ஒனக்கு?”

பாதி எனக்குப் பயன்படாது, முழுத் தலையும் வேண்டும் என்றேன்.

பின்பு, “உடலு பத்திரமா இருக்குன்னு எழுதியிருக்கியே, அது எங்கலே இருக்கு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். முன்னறை அலமாரியில், நான்கு பெட்டிகளில், என்று உள்ளபடி சொன்னேன்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. தந்தையின் கண்ணியம் மகனுக்கு வாய்க்கவில்லை.

13.8.2025, புதன்

காலை 8.15க்குக் கடியப்பட்டணம் பங்குத்தந்தை ஜாஸ்பர் பேசினார். கடற்கரையில் எந்த வழக்கும் காவல் நிலையத்துக்குப் போகுமுன் பங்கு இல்லத்துக்குத்தான் வரும். பெரியவர் ஒருவருக்குக் கொலைமிரட்டல் வந்திருப்பதாக அவரிடம் முறையீடு போயிருக்கிறது. மிரட்டியவர் நான்.

அட்டையின் நகலைக் கோப்பிலிருந்து எடுத்து மீண்டும் படித்தேன். இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

விளக்கம் அளிக்க ஞாயிறு 17ஆம் தேதி பூசை முடிந்து 10.30க்கு வருவதாக ஒப்புக்கொண்டேன். ஞானபாயிடம் சொன்னபோது அரிவாள்மனையில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

“சி.எஸ்.ஐ. சபைக்கி பன்னெண்டு வருசம் செயலாளரா இருந்த மனுசன். கத்தோலிக்கச் சாமியாரு முன்னால கொலக் கேசுல நிக்கப் போறாரு. எங்க அம்மைக்கி இத பாக்கக் குடுத்து வைக்கல்ல.”

17.8.2025, ஞாயிறு

உடலை நான்கு பெட்டிகளிலும் வைத்து, துணிப்பையில் எடுத்துக்கொண்டு 7.40 பேருந்தில் புறப்பட்டேன். நாகர்கோவிலில் மாறி, 10.12க்குக் கடியப்பட்டணம். பங்கு இல்லத்து முற்றத்தில் பன்னிரண்டு பேர் நின்றனர். இருவர் கையில் துடுப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எவரும் கடலுக்குப் போவதில்லை.

ஜாஸ்பர் அடிகளார் இளையவர், கண்ணாடி அணிந்தவர். அஞ்சலட்டையை உரக்கப் படித்தார்.

“இதுல உடல்ன்னு எழுதியிருக்கீங்க. அது யாருக்க உடல்?”

நான் பையைத் திறந்து நான்கு ஊர்திகளையும் மேசைமேல் வைத்தேன். இணைத்தும் காட்டினேன். கழுத்து வெறுமையாக இருந்தது.

“ஏலே, இது பிள்ளையளு வெளையாடுத சாமானம்லா!”

“இதுக்காலே ரெண்டு நாளா சாரங்கு வீட்டுக்குக் காவலு இருந்தோம்?”

“நல்ல வேள, எஸ்.பி.க்கு எழுதுனத நான் தபால்ல போடல்ல.”

விளையாட்டுச் சாமான் அன்று, வார்ப்பு உலோகம், 1982 என்று திருத்தினேன். சிரிப்பு கூடியது. ஆன்ட்ரூஸ் நாற்பத்தைந்து வயதுக்காரன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடிகளார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தோள் குலுங்கியது.

அப்போது ஏசுஅடிமை வந்தார். வயது 76. மெலிந்திருக்கிறார், நடை மட்டும் கப்பல் தளத்து நடையே.

“ரேடியோ சாரே, நீரு இன்னும் சாவல்லியா?”

“இல்லை.”

“நானும் சாவல்ல. அதுனாலதான் தல கழுத்துமேல கெடக்கு.”

மீண்டும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் நின்ற தலையில்லாத உருவத்தின் தோளைத் தொட்டுப் பார்த்தார். விமானத்தின் இறக்கையை மேலும் கீழும் ஒருமுறை அசைத்தார்.

“எண்ண போட்டு வச்சிருக்கீரு.”

“ஆண்டுக்கு இருமுறை. தலை இருக்கிறதா?”

ஆன்ட்ரூஸ் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான். ஏசுஅடிமை உருவத்தின் வெறும் கழுத்தை விரலால் துடைத்தார்.

“இருக்கு. எங்க போவும்? இருக்கு.”

“அப்படியானால் இன்றே—”

“செப்டம்பர் ஏழு. ஞாயித்துக்கெழம. வீட்டுக்கு வாரும், தாறேன்.”

மூன்று வாரம் எதற்கு என்று கேட்டேன். எடுத்து வைக்க வேண்டும் என்றார். அடிகளார் அதையே தீர்ப்பாக அறிவித்தார். ஆன்ட்ரூஸ் வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். இனி அஞ்சலட்டை எழுதுவதானால் உறைக்குள் இட்டு ஒட்டும்படி அடிகளார் எனக்கு அறிவுறுத்தினார். அட்டையை உறைக்குள் இடுவது அஞ்சல் விதிப்படி வீண் செலவு.

18.8.2025, திங்கள்

ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருளை எடுத்து வைக்க இருபத்தொரு நாளா? விற்றுவிட்டாரோ? அடகில் இருக்கிறதோ? இருக்கு என்று இருமுறை சொன்னார். ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

24.8.2025, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் முகவரிப் புத்தகத்தைச் சரிசெய்தேன். ஏசுஅடிமையின் பழைய முகவரியை (அட்டை அதற்கே போனது; அஞ்சல்காரர் ஆளறிந்து சேர்த்திருக்கிறார்) அடித்துவிட்டு, ஆன்ட்ரூஸ் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஞானபாய் காப்பி வைக்க வந்தவள், தாளைப் படித்தாள்.

“சுனாமி காலனியா?”

“ஆம். வீட்டு எண் 63.”

“அப்போ அவ்வொ பழைய வீடு?”

பழைய வீட்டுக்கு நான் ஐந்து டிசம்பர் போயிருக்கிறேன். பின்வாசலைத் திறந்தால் மணல், மணல் முடிந்தால் கடல். தலையை அவர் வைத்திருந்தது பின்னறையில், மாதா படத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில்.

ஞானபாய் காப்பியை வைத்துவிட்டுப் போகவில்லை. “நாம போயி ஒரு வார்த்த கேக்கவே இல்லியே, இஞ்சேருங்க,” என்றாள்.

2004ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். உள்ளபடி இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

‘26.12.2004, ஞாயிறு. ஆராதனை 9.00. கடற்கரை ஊர்களில் கடல் புகுந்ததாகச் செய்தி. பிற்பகல் இரண்டாம் அலமாரித் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் இட்டேன்.’

‘28.12.2004, செவ்வாய். சபை மூலம் நிவாரணத்திற்கு இரண்டு போர்வைகள்.’

ஏசுஅடிமை என்ற பெயர் எவ்விடத்தும் இல்லை. 2005ஆம் ஆண்டுக் குறிப்பையும் முழுவதும் பார்த்தேன். அதிலும் இல்லை. இல்லை, ஓரிடத்தில் இருக்கிறது: ‘19.2.2005. பதிவு 47. ஏசுஅடிமையிடமிருந்து தலை இன்னும் வரவில்லை.’

வீடு போச்சு. யாரு யாரு இருந்தாவளோ, யாரு போனாவளோ. நான் தல வரல்லன்னு எழுதி வச்சிருக்கேன். என்ன மனுசன் நான்?

25.8.2025, திங்கள்

மற்றோர் அட்டை எழுதினேன்: “தலை தேவையில்லை. சிரமப்பட வேண்டாம்.” கிழித்தேன். தேவையில்லை என்றால், கடலில் போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் அறிவார். இருக்கு என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னவர் அவர்.

அட்டை எழுதாவிட்டால்? ஏழாம் தேதி நான் போவேன். இல்லை என்று அவர் வாயாலே சொல்ல நேரும். அல்லது நான் போகாமல் இருந்துவிட்டால்? வராதவனாக இன்னொரு முறை ஆவேன்.

இரண்டாம் வரைவும் கிழித்தேன். ஞானபாய், “கடுதாசி எழுதி நீங்க ஒண்ணும் நல்லது பண்ணினது இல்ல. நேர போங்க,” என்றாள். மறுப்பதற்கு இல்லை.

31.8.2025, ஞாயிறு

அட்டையில் நான் குறித்த கெடு நாள். ஒன்றும் நடக்கவில்லை. நல்லது.

7.9.2025, ஞாயிறு

ஞானபாயும் வந்தாள். அவள் ஒரு சீப்பு மட்டிப் பழமும் முந்திரிக்கொத்தும், நான் நான்கு பெட்டிகளும். 10.50க்கு வீட்டு எண் 63.

வரிசையாக ஒரேபோல் வீடுகள். முன்னறைச் சுவரில் மாலையிட்ட படம், ஏசுஅடிமையின் மனைவி. கீழே இறந்த தேதி எழுதியிருந்தது. படித்தேன். எது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. ஞானபாய் படத்தின் முன் சற்று நேரம் நின்றாள். நான் ஏதேனும் சொல்ல முயன்றேன்.

“சாரே, இரியும். மொதல்ல வெள்ளம் குடியும்,” என்றார் ஏசுஅடிமை.

தண்ணீரைக் குடித்தேன். பிறகு சொன்னேன்: “நான் அப்போதே வந்திருக்க வேண்டும்.”

“எப்போ?”

“அப்போது.”

“வந்திருந்தா ஒமக்கு நிக்க எடம் இருந்திருக்காது. இப்ப இருக்குல்லா, இரியும்.”

ஆன்ட்ரூஸின் மகள் ஜெனிலா கல்லூரியில் படிப்பவள். உள்ளேயிருந்து ஒரு துணிப்பொதியை இரு கைகளில் ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் எடுத்த அலமாரித் தட்டில் பழுப்பு நிற அஞ்சல் உறை ஒன்று இருந்தது. ஜப்பானிய எழுத்து, சுங்க முத்திரை, 3.9.2025. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். நகர்ந்து அதன் முன்னால் நின்றாள். நான் சுவரிலிருந்த பங்கு நாட்காட்டியைப் பார்த்தேன்.

ஏசுஅடிமை பொதியை அவிழ்த்துத் தலையை என் உள்ளங்கையில் வைத்தார்.

எடை ஏறத்தாழ நூறு கிராம் குறைவு. உலோகம் அன்று, நெகிழி. அடிப்பாகத்தில் சிற்றெழுத்தில் வேறொரு நாட்டின் பெயரும் 2019 என்ற ஆண்டும் இருந்தன. இவ்வகை மறுபதிப்புகளைப் பற்றி என் பட்டியலின் முன்னுரையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

“உப்புக்காத்து படாம வச்சிருந்தேன், சாரே. ஒரு நாளும் வெளிய எடுக்கல்ல. அப்படியே இருக்கா?”

ஆன்ட்ரூஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்படியே இருக்கிறது,” என்றேன்.

இணைத்தோம். கால்களை நான், கைகளை அவர். தலை சற்றுத் தளர்வாகவே உட்கார்ந்தது. அவர் விரலால் பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிடம் ஆயிற்று. 1982இல் நான்கு நிமிடத்தில் முடித்தோம்.

“பாத்தியாட்டி ஜெனிலா? கோபேல இத வாங்கும்போ இவரு கப்பித்தானுக்கே பயப்படாத ஆளு. வெலையில ஒரு யென் கொறயல்லன்னு கடக்காரிகிட்ட ஒரு மணிக்கூரு நின்னாரு. அவ அழுதிட்டா.”

அழவில்லை, தும்மினாள் என்று திருத்தினேன்.

சாளை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டோம். புறப்படும்போது அவர் 47ஐப் பெட்டிகளில் வைக்கப் போனார். டிசம்பர்வரை இங்கேயே நிற்கட்டும் என்றேன். முன்னறையில், படத்துக்கு எதிரே உள்ள மேசையில், வைத்தார். காற்று நேராக அடிக்கும் இடம். ஒரு வாரத்தில் திருகுகள் துருப்பிடிக்கும். எண்ணெய் இடும் முறையை ஜெனிலாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

பேருந்தில் ஞானபாய், “தல சரியான தலதானா?” என்று கேட்டாள்.

சரியான தலை என்றேன்.

8.9.2025, திங்கள்

காற்று குறைவு. பட்டியலில் 47ஆம் பதிவின் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, மையால் எழுதினேன்:

‘தலை: 7.9.2025 அன்று பார்வையிடப்பட்டது. வார்ப்பு உலோகம். ஜப்பான், 1982. மூலப்பொருள். இருப்பிடம்: கடியப்பட்டணம், வீட்டு எண் 63.’