மாமாவின் மேல் ஒரு கண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மருமகனும் பேத்தியும் அதேபோல் இருக்க வேண்டும். அம்மா என்னோடு பேசி ஒரு வாரமாகிறது, காரணம் உன் பெரிய மாமா. அவர் சொல்லி நீ அரைகுறையாகக் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஆபீஸில் என்னை ஓரங்கட்டி வெளியே அனுப்பியபின் நான் போய்வரும் பகல் காப்பகம் உனக்குத் தெரியும், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத, வயதுவந்தவர்கள் இருக்கும் இடம். அங்கே தொண்டு செய்ய மாமாவும் வந்து நின்றார். போலீஸ் சான்றிதழும் உறவல்லாத இரண்டு பேரின் பரிந்துரையும் கேட்டதும், "நான் என்ன திருடனா மாப்பிள்ளை?" என்று என் மேல் பாய்ந்தார். என்னிடமும் அதையேதான் கேட்டார்கள், கொடுத்தேன். அவருடையது எல்லாம் சரியாக இருந்தது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைப்பானேன். புதிதாக வருபவரை மூன்று மாதம் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். நான் வேண்டாம், எங்களுக்குள் ஆகாது என்றேன். பொறுப்பாளர் அம்மா சிரித்தார். "அதனாலதான் சார் உங்களப் போடுறேன். மத்தவங்க ரெண்டே நாள்ல அவர் பேச்சுல மயங்கிடுவாங்க."

மயங்கத்தான் செய்தார்கள். உன் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் நான் ஓரமாக நிற்க, வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாரே, அதே தோரணை. பேச்சு வராத ஓர் இளைஞன் மாமாவைக் கண்டாலே கை தட்டுவான். அவனுக்கு விழுங்குவது சிரமம், எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். போன வாரம் நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இருவரையும் கூடத்தில் காணவில்லை. தையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால் அவன் வாயில் மிட்டாய், "நமக்குள்ள இருக்கட்டும்டா, அந்த ஆளுகிட்ட காட்டாத" என்கிறார் மாமா. அப்போதே அவனுக்கு மூச்சு முட்டியது. முதுகில் ஓங்கித் தட்டி மிட்டாயை வெளியே வரவைத்தேன். மாமா குனிந்து அதைப் பொறுக்கினார்.

பாசத்தில்தான் செய்தார், உனக்கும் இப்படித்தான் ஒளித்துக் கொடுப்பார். ஆனால் பேச முடியாதவனோடு ரகசியம் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. நாளை கெட்ட எண்ணத்தோடு வருபவனும் அதே கதவைத்தான் சாத்துவான், அதே வார்த்தையைத்தான் சொல்வான். நடந்ததைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தேன், கொடுக்கும் முன் அடித்துவிட்டேன், அவை கல்யாணத்தைப் பற்றியவை. "உங்க பழைய காய்ச்சலை அங்க போய்த் தீத்துக்கிட்டீங்க" என்றாள் அம்மா, அத்தோடு பேச்சு நின்றது.

அவரை வெளியே அனுப்பவில்லை. கூடத்தில் மட்டும், என் கண்ணெதிரில் மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நேற்று பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் குழைத்து, கரண்டியைத் தூக்கி எனக்குக் காட்டினார், முறைத்தபடியே. தலையசைத்தேன். பிறகுதான் அந்த இளைஞனுக்கு ஊட்டினார்.

பேத்தியை விட்டுவரும் இடத்தில் யார் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேள், கூச்சப்படாதே. மூவரும் குறையில்லாமல் இருங்கள். மாமா போன் செய்தால் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொள், எங்களைச் சமாதானப்படுத்த மட்டும் கிளம்பிவிடாதே. நாங்கள் ராசியாகிவிட்டால் அப்புறம் அவரை ஒழுங்காகக் கவனிக்க ஆளில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா